பி ஷிஃப்டும் இச்சையடக்கமும்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுக்கப்படும் தீர்மானங்களின் சராசரி ஆயுள் எவ்வளவு என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் நன்றாக இருக்கும். என் கணிப்பு, பொங்கல் வரை. கொஞ்சம் உறுதியான ஆள் என்றால் லேவியராகமம் வரை. வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று படித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும், பத்து அதிகாரத்துக்கு இடம்கூட மிச்சமிருக்கும். கணக்கு கச்சிதம்தான். ஆதியாகமத்தின் கதைகளும் யாத்திராகமத்தின் செங்கடலும் ஆளை இழுத்துக்கொண்டு போகும். ஜனவரி கடைசியில் பலிகளும் தோல் நோய்ச் சட்டங்களும் வரும். அங்கே ஒரு நாள் விட்டுப்போகும். மறுநாள் ஆறு அதிகாரம் பாக்கி, அதற்கு மறுநாள் ஒன்பது. அப்புறம் அட்டவணைத் தாள் வேதாகமத்துக்குள்ளேயே அடையாளத் தாளாகக் கிடக்கும், அடுத்த டிசம்பர் வரை.

கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. கிறிஸ்தவ வாழ்க்கையில் விடாமுயற்சி, சுய ஒழுக்கம் என்று பேச்சு வரும்போதெல்லாம் நாம் தப்பான இடத்தில் நின்று பேசுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் நான் இருக்கிற இந்தப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கத்தில்.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் வந்தால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். இன்னும் தள்ளி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஃபாக்ஸ்கான். இந்தப் பக்கம் திரும்பினால் வல்லம் வடகாலில் யமஹா, ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, டெய்ம்லர், அப்போலோ டயர்ஸ், ரெனோ. நடுநடுவே இவர்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற எத்தனையோ கம்பெனிகள். விடியற்காலையில் சாலையில் நின்றால் கம்பெனி பஸ்தான் வரிசையாகப் போகும். அந்த பஸ்களில் உட்கார்ந்திருப்பவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கத்துப் பிள்ளைகள் கணிசம். ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்கள். ஊரில் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கிறிஸ்தவப் பையன்களும் இருக்கிறார்கள். பெண்கள் இன்னும் அதிகம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ஊரே அது.

இவர்கள் வாழ்க்கையை ஓட்டுவது காலண்டர் அல்ல, ஷிஃப்ட். பெரும்பாலும் ஏ ஷிஃப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு, பி ஷிஃப்ட் இரண்டிலிருந்து பத்து, சி ஷிஃப்ட் பத்திலிருந்து மறுநாள் காலை ஆறு. கம்பெனிக்குக் கம்பெனி அரை மணி நேரம் முன்னே பின்னே இருக்கும். வாரம் மாறினால் ஷிஃப்ட் மாறும். உடம்பு ஒன்றுக்குப் பழகும்போது அடுத்தது வந்துவிடும். ஞாயிறு எல்லாருக்கும் விடுமுறை என்றும் சொல்ல முடியாது.

இப்போது நம் பிரசங்கங்களை நினைத்துப் பாருங்கள். ஒழுக்கமுள்ள கிறிஸ்தவன் என்றால் யார்? அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவன். ஞாயிறு ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போதே வந்து உட்காருகிறவன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தைத் தவறவிடாதவன். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பி ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்து அறைக்கு வந்து, குளித்து, ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டுப் படுக்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிடுகிற ஒருவன் இதைக் கேட்டால் என்ன நினைப்பான்? சனி ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு ஞாயிறு காலை ஏழு மணிக்கு அறைக்குத் திரும்புகிறவன், எட்டரை மணி ஆராதனையை நினைத்தபடியே தூங்கிப்போனால், எழுந்ததும் என்ன நினைப்பான்? "நான் பின்மாற்றத்தில் போய்விட்டேன்" என்று. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் இதே வார்த்தையைச் சொன்னார். ஊரில் வாலிபர் சங்கத்தில் பாட்டு நடத்திய ஆள். இங்கே வந்து இரண்டு வருடத்தில் தன்னைப் பற்றி அவர் எழுதிக்கொண்ட தீர்ப்பு அது. அவர் செய்த பாவம் என்னவென்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். தூங்கியதுதான்.

இயேசு இருட்டோடு எழுந்து ஜெபிக்கப் போனார் என்பதைச் சொல்கிறோம். ராத்திரி முழுக்க மலையில் ஜெபித்ததும் அவர்தான். சாயங்காலம் கூட்டத்தை அனுப்பிவிட்டுத் தனியாகப் போனதும் அவர்தான். புயலடிக்கும் படகில் தலையணை வைத்துத் தூங்கியதும் அவரேதான். மூன்று ஷிஃப்டிலும் அவருக்கு முன்மாதிரி இருக்கிறது. நாம் ஏ ஷிஃப்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம் :-)

அப்போஸ்தலர் நடபடிகளில் ஐத்திகு என்று ஒரு வாலிபன் வருகிறான். துரோவா பட்டணத்தில் பவுல் நள்ளிரவு வரை பிரசங்கம் செய்கிறார். மேல்வீட்டில் நிறைய விளக்குகள் எரிகின்றன. ஐத்திகு ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிடுகிறான். பகலெல்லாம் அவன் என்ன வேலை பார்த்தான் என்று வேதம் சொல்லவில்லை. எனக்கு என்னவோ அவன் நம்ம பையன் போலத்தான் தெரிகிறான். கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. பவுல் "தேவனுடைய வார்த்தை போதிக்கும்போது தூக்கமா" என்று கேட்கவில்லை. இறங்கி வந்தார், அவனை அணைத்துக்கொண்டார், உயிர் இருக்கிறது கலங்காதிருங்கள் என்றார். பிறகு மேலே போய்ச் சாப்பிட்டு விடியும் வரை பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பகுதியை வைத்து "சபையில் தூங்காதே" என்று போதிக்கிற பிரசங்கங்கள்தான் நம்மிடம் அதிகம் என்பது வேறு விஷயம்.

நேரம் என்பது ஒழுக்கத்தின் வடிவம்தானே தவிர ஒழுக்கமே அல்ல. திருச்சபையின் பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் தன் மடத்துத் துறவிகளுக்கு ஒரு விதி நூல் எழுதினார். 73 அதிகாரங்கள். எந்த வேளையில் எழ வேண்டும், எந்த வேளையில் ஜெபிக்க வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பது வரை அதில் உண்டு. கண்டிப்புக்குப் பெயர் போன நூல். ஆனால் குளிர்காலத்துக்கு ஒரு நேரம், கோடைக்கு வேறு நேரம் என்று அவரே மாற்றி வைக்கிறார். 50-ஆம் அதிகாரம் இன்னும் அழகு. மடத்தை விட்டுத் தூரத்தில் வேலை செய்கிறவர்கள் ஜெப வேளைக்கு ஆலயத்துக்கு வர முடியாவிட்டால், வேலை செய்கிற இடத்திலேயே முழங்கால்படியிட்டு ஜெபிக்கட்டும் என்கிறது. பயணத்தில் இருக்கிறவர்களும் முடிந்தவரை அந்த வேளையைக் கடைப்பிடிக்கட்டும் என்கிறது. சுமார் 1500 வருடத்துக்கு முன்னால் ஒருவர் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவனை நினைத்து விதி எழுதியிருக்கிறார். நாம் இன்னும் எழுதவில்லை.

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. தொழிற்சாலை ஒரு விதமான ஒழுக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. அட்டெண்டன்ஸ் போனஸ் என்று ஒன்று உண்டு அல்லவா? மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் கூடுதலாகக் கொஞ்சம் பணம். ஒரு நாள் போடும்போதே அது போய்விடும், இல்லையென்றால் வெட்டிக் குறைத்துவிடுவார்கள். போய்விட்ட பிறகு பையன்கள் செய்வது என்ன? "அதான் போனஸ் போச்சே, இன்னும் ஒரு நாள் போடுவோம்." முழு நியாயம். பொருளாதாரப் பாடத்தில் சொல்கிற மாதிரி, ஊக்கத்தொகை போன பிறகு இரண்டாவது லீவுக்குச் செலவு குறைவு.

இதே மனசோடுதான் நாம் வேத வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் வருகிறோம். ஒரு நாள் விட்டுப்போனால் தொடர் அறுந்துவிட்டது, இனி எதற்கு என்று. இப்போது கைப்பேசிச் செயலிகளும் எத்தனை நாள் தொடர்ந்து படித்தாய் என்று எண்ணிக் காட்டுகின்றன. எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும்போது மனசும் சேர்ந்து திரும்புகிறது. லெந்து காலத்திலும் அப்படித்தான். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எண்ணிப் பாருங்கள், ஈஸ்டரைச் சேர்க்காமல் 46 நாள் வரும். நாம் சொல்வது நாற்பது நாள். ஏன்? நடுவில் வருகிற ஆறு ஞாயிறுகளைச் சபை கணக்கில் சேர்க்கவில்லை. உபவாசத்துக்குள்ளேயே ஓய்வை வைத்துத் தைத்திருக்கிறார்கள். மன்னாவும் தினப்படிதான். நேற்று சேர்த்து வைத்தது இன்றைக்குப் புழுத்துப் போகும், நேற்றுப் பொறுக்காதது இன்றைக்குக் கடனாக ஏறாது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு மடங்கு, ஏழாம் நாள் விடுமுறை.

மத்தேயு 20-இல் வருகிற திராட்சத் தோட்டக் கதையை ஒரு பி.காம். மாணவனாக நான் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். காலையிலிருந்து வெயிலில் நின்றவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. எந்த மனிதவள அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். அட்டெண்டன்ஸ் போனஸை வேரோடு பிடுங்குகிற கதை அது. எத்தனை நாள் விட்டாய் என்பது அங்கே கேள்வியே இல்லை, தோட்டத்துக்கு வந்தாயா என்பதுதான். பேதுரு மூன்று முறை மறுதலித்தவர். அவருடைய விடாமுயற்சி அறுபடாத தொடர் அல்ல. அறுந்த இடத்திலிருந்து திரும்பி வந்தது.

"அப்படியென்றால் எல்லாமே கிருபைதான், எப்போது வேண்டுமானாலும் வரலாம் போகலாம்" என்று ஒரு கும்பல் கிளம்பும். அந்த வழியிலும் போக முடியாது. பவுலே விட மாட்டார்.

பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருடம் இருந்தார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கி, அவர்களோடு கூடாரம் செய்யும் தொழில் பார்த்தார். மறந்துவிடக்கூடாது, கையால் உழைத்து, இரவும் பகலும் வேலை செய்து பிரசங்கித்த ஆள் அவர். கொரிந்துவுக்குப் பக்கத்தில் இஸ்த்மியா என்ற இடத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெரிய விளையாட்டுப் போட்டி நடக்கும். ஜெயித்தவனுக்குப் பைன் இலையிலோ காய்ந்த செலரித் தழையிலோ கட்டிய ஒரு வளையம். அவ்வளவுதான் பரிசு. அதை மனதில் வைத்துத்தான் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓட்டக்காரனையும் குத்துச்சண்டைக்காரனையும் கொண்டுவருகிறார். வாடிப்போகிற கிரீடத்துக்கே அவர்கள் இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறார்களே, நாம் வாடாத ஒன்றுக்காக அல்லவா ஓடுகிறோம் என்பது அவர் வாதம். தன் உடம்பைத் தானே அடக்கி வைப்பதாகவும் சொல்கிறார்.

அங்கே வருகிற வார்த்தை நம் பழைய மொழிபெயர்ப்பில் 'இச்சையடக்கம்'. கலாத்தியரில் ஆவியின் கனிகளில் கடைசியாக வருவதும் இதுதான். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'தன்னடக்கம்' என்றிருக்கும். கிரேக்க மூலத்தில் இருப்பது, தன்மேல் தனக்கே அதிகாரம் இருப்பது என்ற பொருள்படும் சொல். தொழிற்சாலை ஒழுக்கத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது. லைனில் நிற்கிறவனின் ஒழுக்கத்துக்கு உரிமையாளன் அவன் அல்ல. அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போனதும் ஒழுக்கம் ஆரம்பிக்கிறது, தேய்த்து வெளியே வந்ததும் முடிகிறது. எட்டு மணி நேரம் ஒரு நொடி பிசகாமல் வேலை செய்கிற அதே கை, வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில் டாஸ்மாக் கவுன்டரில் நீள்வதை இந்த நெடுஞ்சாலையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவன் ஒழுக்கம் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்கு இரவல் ஒழுக்கம் மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கிறது. மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் நிற்கிற ஒன்றை அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

இதற்கு வாழ்ந்து காட்டிய ஆள் வேண்டுமென்றால் இதே நெடுஞ்சாலையில் சென்னைக்குள் போக வேண்டும். வேப்பேரி. அங்கே 18-ஆம் நூற்றாண்டில் யோகான் பிலிப் பெப்ரிசியஸ் என்று ஒரு ஜெர்மானியர் இருந்தார். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 1711-இல் பிறந்தவர். 1740-இல் இந்தியா வந்தார். 1742-இலிருந்து சென்னைதான். 1791-இல் இங்கேயே இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஊருக்குத் திரும்பவே இல்லை. நாம் ஞாயிறு காலையில் பாடுகிற பழைய ஞானப்பாட்டுகளில் பல, அவர் ஜெர்மனிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவை. நம் வேதாகமத் தமிழுக்கு அஸ்திவாரமும் அவருடையது. பின்னால் வந்த திருத்தங்கள் அதன்மேல் கட்டப்பட்டவை.

அவர் காலத்துச் சென்னை எப்படி இருந்தது? 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். அவர் பழவேற்காட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார். 1758-இல் லாலியின் படை வந்து முற்றுகையிட்டது. அதற்கப்புறம் ஹைதர் அலியின் குதிரைப்படைகள். ஒவ்வொரு முறையும் மேஜை கலைந்தது. ஒவ்வொரு முறையும் அவர் அதே மேஜைக்குத் திரும்பினார். 1761-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றி வந்த அச்சு இயந்திரம் வேப்பேரிக்கு வந்தது. 1772-இல் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. வந்து முப்பத்திரண்டு வருடம் கழித்து! 1779-இல் தமிழ் – ஆங்கில அகராதி. அது பின்னால் விரிவாக்கப்பட்டு இன்றும் பெப்ரிசியஸ் அகராதி என்ற பெயரிலேயே வழங்குகிறது. ஒரு வார்த்தை சரியாக வரும் வரை மறுபடி மறுபடி திருத்துவார் என்று சொல்வார்கள். எழுப்புதல் கூட்டத்தில் சாட்சி சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. "முப்பது வருடம் வார்த்தைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்" என்றால் யார் அல்லேலூயா சொல்வார்கள்?

(ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் உபதேசம் பெற ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் என்று வைணவ நண்பர்கள் சொல்வார்கள். பதினேழு முறை திருப்பி அனுப்பப்பட்டவர். திரும்பப் போவதன் மதிப்பு இந்த ஊருக்குப் புதிதல்ல.)

பெப்ரிசியஸ் கதை இதோடு முடிந்திருந்தால் ஞாயிறு பள்ளிப் புத்தகத்துக்கு ஏற்ற கதை. முடியவில்லை. வயதான காலத்தில் பண விவகாரங்களில் சிக்கி, பெரும் கடனாளியாகி, கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். நம் பாமாலைப் புத்தகத்தின் பெரியவர், கடன்காரர் சிறையில்! பெரும்பாலான மேடைகளில் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். எனக்கோ அவரிடம் மிகவும் பயனுள்ள பக்கம் இதுதான் என்று தோன்றுகிறது. ஐம்பது வருடம் தமிழ் வார்த்தைகளோடு அவ்வளவு ஒழுக்கமாக இருந்த ஒரு மனிதரின் ஒழுக்கம், கணக்குப் புத்தகம் வரை போய்ச் சேரவில்லை. ஒரு இடத்தில் கட்டுப்பாடு இருந்தால் எல்லா இடத்திலும் தானாக இருக்கும் என்று நாம் நம்புகிறோமே, அது உண்மையல்ல. நாலு மணி ஜெபத்துக்கு எழுகிறவன் நாலு கடன் செயலிகளில் சிக்கியிருக்கலாம். சிக்கியிருக்கிறார்கள்.

எங்கள் தணிக்கைப் பாடத்தில் 'இன்டர்னல் செக்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. ஒருவர் செய்கிற வேலையை, வேலையின் போக்கிலேயே, இன்னொருவர் சரிபார்க்கிற மாதிரி பிரித்து வைப்பது. பணம் வாங்குகிறவர் ஒருவர், பதிவு செய்கிறவர் வேறொருவர். யார்மேலும் சந்தேகப்பட்டு அல்ல. நல்ல மனிதனும் தனியாக இருந்தால் தடுக்கி விழுவான் என்பதால். பெப்ரிசியஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாதம் ஒரு முறை வரவு செலவு பார்க்க ஒரு ஆள் இருந்திருந்தால் அந்தச் சிறை நேர்ந்திருக்காது என்பது என் எண்ணம். தன்னடக்கம் என்ற வார்த்தையில் 'தன்' இருப்பதால் அது தனியாகச் செய்கிற காரியம் என்று நாம் எடுத்துக்கொண்டோம். எபிரெயர் நிருபம் எழுதியவர் பொறுமையோடு ஓடச் சொல்லும் முன்பே, சபை கூடிவருவதை விட்டுவிடாதீர்கள், ஒருவரையொருவர் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் ஓட்டத்துக்கு வருகிறார். வரிசை முக்கியம்.

இந்தப் பக்கம் அறைகளில் ஐந்தாறு பேர் சேர்ந்து தங்குகிறார்கள். சம்பளம் ஏறுகிற நாளில் எல்லார் கைப்பேசியும் ஒரே சமயத்தில் சிணுங்கும். வண்டித் தவணை, ஊருக்கு அனுப்புவது, மிச்சத்தில் ஆன்லைன் ரம்மி என்று போன காலம் உண்டு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. நல்லது. ஆனால் சட்டத்தால் செயலியை நீக்க முடியும், கை அரிப்பை நீக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு அறையில் நாலு பேர், மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள் செலவுக் கணக்கை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். பெரிய பக்திக் காரியமாக அவர்கள் அதை நினைக்கவில்லை. கணக்கு பார்த்துவிட்டு ஒரு சங்கீதம் வாசித்துப் படுத்துவிடுவார்கள். நான் இந்தப் பக்கத்தில் பார்த்த மிக உருப்படியான உபவாசக் கூட்டம் இதுதான் என்பேன்.

கடைசியாக, 'பொறுமை'. இந்த வார்த்தையைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம். புதிய ஏற்பாட்டில் விடாமுயற்சிக்கு இருக்கிற கிரேக்கச் சொல்லுக்கு, பாரத்தின் கீழே நின்று நகராமல் நிலைத்திருப்பது என்று பொருள். பழைய மொழிபெயர்ப்பில் அது பெரும்பாலும் 'பொறுமை' என்றே வருகிறது. மொழிபெயர்த்தவர்கள் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொறுத்தல், தாங்குதல் என்ற கனம் இருந்தது. இன்றைக்கு நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? கேன்டீனில் சாப்பாடு சரியில்லை என்றால் "பொறுமையா இருப்பா". ஒப்பந்தத் தொழிலாளியாகவே ஐந்து வருடம் ஓடிவிட்டது என்றால் "பொறுமையா இரு, கர்த்தர் பார்த்துக்குவார்". மேற்பார்வையாளரும் போதகரும் ஒரே வார்த்தையைச் சொல்லும்போது பையனுக்கு இரண்டும் ஒரே குரலாகத்தான் கேட்கும்.

யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பொறுமையாயிருங்கள் என்ற புத்தி அங்கே வருகிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னால், வயல் அறுத்த வேலைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கடவுளின் காதுக்கு எட்டிவிட்டது என்று ஐசுவரியவான்களைப் பார்த்து அவர் சீறுகிறார். அதை எழுதிய அதே மூச்சில்தான் பொறுமை. உதாரணமாக அவர் காட்டுவது யாரை? முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிற விவசாயியை. இந்த மண்ணில் கம்பெனிகள் வரும் முன் ஏரிப் பாசனம்தான். மழைக்குக் காத்திருக்கிற விவசாயி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். கரையைப் பலப்படுத்துவான், வாய்க்கால் தூர் வாருவான், மடையைப் பார்ப்பான். அடுத்த உதாரணம் யோபு. அவர் புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்தவர் அல்ல. கடவுளோடேயே வழக்காடினார். விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

2024 செப்டம்பர் 9-ஆம் தேதி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அக்டோபர் 15 வரை, 37 நாள். சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. அந்தப் போராட்டத்தில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது வேறு விவாதம், வகுப்பிலேயே இரண்டு கட்சி உண்டு. நான் சொல்ல வருவது ஒன்று. அந்த 37 நாளும் வெயிலிலும் மழையிலும் சம்பளமில்லாமல் போய் உட்கார்ந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களிடம் இருந்ததைப் பொறுமை என்று சொல்ல நம் பிரசங்கங்களில் இடம் இருக்கிறதா? வேலையை விடாமல் சகித்துக்கொண்டு லைனில் நின்றவனைப் பொறுமைசாலி என்கிறோம், சரி. கேட்பதை விடாமல் உட்கார்ந்தவனை?

இதையெல்லாம் போதகர்களிடம் சொன்னால் "சரி தம்பி, என்ன செய்யச் சொல்கிறாய்" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிறு காலை எட்டரை ஆராதனையோடு, மாலை நாலு மணிக்கு ஒன்று. பி ஷிஃப்டில் இருப்பவனுக்கு அதுவும் முடியாதே என்றால், அவனுக்குக் காலை. சி ஷிஃப்ட்காரனுக்குத் தூங்கி எழுந்த பிறகு மாலை. யார் எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று சபைச் செயலாளர் கையில் ஒரு பட்டியல் இருந்தால், யாரைக் காணவில்லை என்று கேட்கும் முன்பே அவன் லைனில் நிற்கிறான் என்று தெரிந்துவிடும். நற்கருணை மாதம் ஒரு முறை விடுதிக்குப் பக்கத்திலேயே. லெந்து தியானத்தை ஒலிப்பதிவு செய்து பத்து நிமிடத்துக்குள் அனுப்பினால் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போவார்கள். வாலாஜாபாத் சாலையில் பஸ் நின்று நின்றுதான் போகும், பத்து நிமிடம் தாராளமாகக் கிடைக்கும்.

அந்த அண்ணனுக்கு இந்த வாரம் சி ஷிஃப்ட். ஞாயிறு மத்தியானம் ஒன்றரை மணிக்கு எழுந்திருப்பார். மூன்று மணிக்கு நாங்கள் இரண்டு பேர் அவர் அறைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். லேவியராகமம் பத்தாம் அதிகாரத்தில் நிற்கிறார், போன வருடத்திலிருந்து. அங்கிருந்தே தொடங்கலாம் என்றிருக்கிறார்.